பதினேழாம் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது

எங்கள் டிப்போவில் மில்லி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எண் சொல்வது அவர் வேலை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறோம். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எனக்குப் பொதுவாகவே கோபம் சீக்கிரம் வரும், அது வேறு விஷயம்.

என்னைவிட ஆறு வயது சிறியவர். ஆனால் டிப்போ முழுக்க அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் வேறு மாதிரி கூப்பிட முடியாது. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். கேட்பவர்கள் குழம்பினால் குழம்பட்டும்.

எங்கள் லாரிகளுக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங் கிடையாது. தடித்த ரப்பரில் செய்த காற்றுப் பைகள்தான். லோடு ஏறினால் பைக்குள் காற்று ஏறும், லோடு இறங்கினால் காற்றும் இறங்கும், லாரியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைக் கவனித்துக்கொள்ள இடது பக்கம் ஒரு வால்வு, வலது பக்கம் ஒரு வால்வு. ஒவ்வொரு வால்விலிருந்தும் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கு விரல் தடிமனில் ஒரு கம்பி போகும். கம்பியில் இருக்கும் நட்டை ஒரு சுற்று சுற்றினால் அந்தப் பக்கம் லாரி இரண்டரை மில்லிமீட்டர் ஏறும், அல்லது இறங்கும். ஆக்சிலின் நடுவிலிருந்து சேசிஸின் அடிவிளிம்பு வரைக்கும் இருநூற்று இருபத்திரண்டு மில்லி இருக்க வேண்டும். மூன்று மில்லி வரை கூடக்குறைய இருந்தால் மன்னிப்பு உண்டு. அந்த மன்னிப்பு கம்பெனி கொடுத்தது. அக்கா கொடுத்ததில்லை.

அவர் அளக்கும் அழகைப் பார்க்க வேண்டும். வண்டி காலியாக இருக்க வேண்டும். எல்லா டயரிலும் ஒரே காற்று இருக்க வேண்டும். இரண்டு வண்டி நீளம் முன்னால் போய், பின்னால் வந்து, பிரேக் பிடிக்காமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிற்க வேண்டும். கேபினில் ஈ காக்கை இருக்கக் கூடாது. அளந்து, நட்டைத் திருகிச் சரிசெய்து, பைகளில் இருக்கும் காற்றை முழுக்க வெளியே விட்டு, மறுபடி நிரப்பி, மறுபடி அளப்பார். ஒருமுறை மேனேஜர் பம்பர் மேல் சாய்ந்தபடி போன் பேசிக்கொண்டிருந்தார். அடியிலிருந்து சத்தம் வந்தது.

"சார், முழங்கைய எடுங்க. வண்டி கால் மில்லி இறங்குது."

மேனேஜர் முழங்கையை எடுத்தார். அன்றிலிருந்து அக்கா வேலை செய்யும்போது அவர் தன் அறையில்தான் போன் பேசுகிறார்.

இந்த அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் டிப்போவிலேயே டிரைவர். நாங்கள் டிரைவர்களை வண்டி எண்ணால் கூப்பிடுவோம். இவர் ஓட்டுவது பதினேழாம் வண்டி, அதனால் பதினேழுக்காரர். இருபது வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவருக்கு அளவு என்றாலே அலர்ஜி. "என் முதுகு சொல்லும்" என்பார். டயரில் காற்று குறைந்தால், ரோடு மோசமானால், மழை வந்தால், எல்லாம் அவர் முதுகு சொல்லும். மில்லியும் முதுகும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று கேட்டால், நன்றாகவே நடத்தினார்கள். ஏழு மாதம் முன்பு வரை.

அன்றைக்குப் பதினேழுக்காரரின் கூடப்பிறந்த அக்கா அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். சும்மா வரவில்லை, சுவரில் மாட்டச் சதுரமாக ஒரு கடிகாரம் வாங்கி வந்திருக்கிறார். பதினேழுக்காரர் ஸ்டூலில் ஏறி மாட்டினார். எல்லோரும் டீ குடித்தார்கள். மில்லி அக்கா அந்த டீ முடியும்வரை பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம். பிறகு எழுந்து, டேப்பை எடுத்து, கூரையிலிருந்து கடிகாரத்தின் இரண்டு மூலைக்கும் அளந்தார்.

"பதினோரு மில்லி."

"கடிகாரம் மணி காட்டினா போதும்" என்றிருக்கிறார் அவர்.

"காட்டுது. சாஞ்சுகிட்டு காட்டுது."

இதைக் கேட்டு அவருடைய அக்கா சிரித்துவிட்டார். சிரித்ததுதான் வினை. கூடப்பிறந்தவள் முன்னால் மானம் போன ஆத்திரத்தில் மனிதர் விருட்டென்று எழுந்தார். அங்கே நின்றபடியே கேட்டார்.

"இந்த வீட்ல ஒண்ணு அந்த டேப் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு சொல்லு."

மில்லி அக்கா ஒரு விநாடி யோசித்தார்.

அந்த விநாடியோடு பேச்சு நின்றுபோனது. மறுநாள் என்னிடம் சொல்லி அழுதபோது, ஏன் யோசித்தீர்கள் என்று நான் கேட்டேன். "கேள்வி கேட்டா யோசிக்காம எப்படி அண்ணே பதில் சொல்றது?" என்றார்.

ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கதவைப் பூட்டித் திறந்தார்கள், ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை பதினேழாம் வண்டி உயரம் பார்க்க வந்தாக வேண்டும். ஜாப் கார்டில் இரண்டு கட்டம் உண்டு. ஒன்று 'டிரைவர் புகார்', மற்றொன்று 'அளவெடுப்பவர் குறிப்பு'. வீட்டில் பேசாததை எல்லாம் இந்த இரண்டு கட்டத்துக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள்.

'வண்டி ஓட்டத்தில் குறை இல்லை. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது' என்று அவர் எழுதுவார்.

'இடது 222, வலது 222. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாயிற்று. குளியலறைக் குழாயை யாரோ சரியாக மூடுவதில்லை' என்று இவர் எழுதுவார்.

கார்டு மூன்று பிரதி. ஒன்று ஹெட் ஆபீசுக்குப் போகும். ஒருநாள் அங்கிருந்து கடிதம் வந்தது: 'பதினேழாம் வண்டியில் கேஸ் சிலிண்டர் யார் அனுமதியுடன் வைக்கப்பட்டது?' மேனேஜர் வியர்த்துப்போய், அது வண்டியில் இல்லை, சமையலறையில் இருக்கிறது என்று பதில் எழுதினார். பத்து நாள் கழித்து அடுத்த கடிதம்: 'லாரியில் சமையலறை எதற்கு?' அதற்கு இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தூரத்துக் கிளையிலிருந்து ஆள் கேட்டார்கள். இங்கிருந்து நான்கு நாள் ஓட்டம். அங்கேயே தங்கி ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் ஏற்ற ஒரு லாரி வேண்டும், அதன் டிரைவரும் வேண்டும். இரண்டு வருடம். கண்ணாடி என்பதால் வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று வாரச் சோதனையில் உயரம் சரியாக இருந்தால் அந்த வண்டி போகும், ஒரு தடவை பிசகினாலும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பார்கள். எங்கள் இருபத்தாறு வண்டிகளில் முதலில் நின்றது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவர் மறுக்கலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. 'காரணம்' என்ற இடத்தில் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினேழுக்காரர் என்னிடம் வந்து அந்தப் படிவத்தை வாங்கினார். ஒரு டீ குடிக்கும் நேரம் காரணம் என்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போகணும்னு ஆசையா?" என்றேன்.

"யாருக்கண்ணே ஆசை? இருன்னு ஒரு வார்த்தை அவ சொல்லட்டும், எழுதறேன்."

நான் அக்காவிடம் போனேன். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிரீஸ் கையால் துடைத்ததில் கன்னம் முழுக்கக் கறுப்பு.

"ரெண்டு வருஷம் அண்ணே. இப்ப பேசலைன்னாலும் பக்கத்து ரூம்ல இருமற சத்தமாவது கேக்குது."

"ஒரு வார்த்தை இருங்கன்னு சொல்லுங்களேன்."

"போகட்டுமான்னு அவர் ஒரு வார்த்தை கேக்கட்டும், சொல்றேன்."

பிடிவாதத்துக்கு ஒரு போட்டி வைத்தால் இரண்டு பேருக்கும் முதல் பரிசு கொடுத்துவிட்டு நடுவர் ஓடிப்போக வேண்டியதுதான்.

முதல் வாரச் சோதனை. இடது 222, வலது 222. நான் எழுதி முடித்தேன், அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு, ஏதோ மறந்தவர் மாதிரி, சக்கரப் பலகையில் படுத்து மறுபடி வண்டிக்கு அடியில் உருண்டு போனார். நான் குனிந்து பார்த்தேன். ஸ்பேனரைப் போட்டு இடது கம்பி நட்டை இறக்கத்துக்கு இரண்டு சுற்று சுற்றினார். ஐந்து மில்லி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"கார்டுல எழுதினது பொய் இல்ல அண்ணே. எழுதின நேரத்துல இருநூத்தி இருபத்திரெண்டுதான்."

பதினெட்டு வருடத்தில் அவர் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாகச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வண்டி இடது பக்கம் சாய்ந்து வரும், தானே அதை அளப்போம், உள்ளதை உள்ளபடி எழுதுவோம், பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். இதுதான் கணக்கு. நான் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் மனம் நெகிழ்ந்துபோய்க் கேட்டுக்கு வெளியே டீ குடிக்கப் போனேன். பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் பதினேழாம் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு செருப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்தேன். பதினேழுக்காரர் இடது கம்பி நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏற்றத்துக்கு. ஒன்று, இரண்டு.

"நீங்க ஒண்ணும் பாக்கல" என்றார் தரையிலிருந்தபடி.

"முழுசா பாத்துட்டேன்."

"அப்ப மறந்துடுங்க. இடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி விட்டிருக்கேன். அடுத்த வாரம் வலது பக்கம் சாஞ்சு நிக்கும், லிஸ்ட்லேருந்து கழட்டி விட்ருவாங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. போகப் பிடிக்காம கெஞ்சறேன்னு நெனச்சுக்குவா."

அவரும் சத்தியம் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஐந்து இறங்கி ஐந்து ஏறினால் என்ன மிச்சம் என்பது எனக்கு உறைத்தது. சத்தியமாவது ஒன்றாவது என்று எழுந்து அக்காவிடம் ஓடினேன். "உங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் பேச்சை எடுத்தீங்கன்னா உங்ககூடவும் பேச மாட்டேன் அண்ணே. சொல்லணும்னா அவர் வாயால சொல்லட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வாரம் வந்தது. டிரைவர் புகார் கட்டத்தில் அவர் எழுதியிருந்தார்: 'வண்டி வலது பக்கம் சாய்கிறது. முதுகு சொல்கிறது.' அக்கா அதைப் படித்துவிட்டு இகழ்ச்சியாகச் சிரித்தார். முதுகின் லட்சணம் இவ்வளவுதானா, சாய்வது இடது அல்லவா என்ற சிரிப்பு. பலகையில் படுத்து உள்ளே போனார்.

"வலது?" என்றேன் நான்.

"இருநூத்தி இருபத்திரெண்டு."

"இடது?"

காற்றை வெளியே விட்டார். நிரப்பினார். வண்டியை முன்னால் கொண்டுபோய்ப் பின்னால் கொண்டுவரச் சொன்னார். மறுபடி அளந்தார். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. கார்டை என்னிடமிருந்து வாங்கித் தானே எழுதினார்: 'இடது 222, வலது 222. ஆனால் இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.'

மேனேஜர் அந்தக் கார்டை மூன்று தடவை படித்தார். திருப்பிப் பிடித்தும் ஒரு தடவை படித்தார்.

"டிரைவர் வலதுன்றார். நீங்க இடதுன்றீங்க. டேப் ரெண்டும் இல்லைன்னுது. நான் யாரைம்மா நம்பறது?"

"டேப்தான் தப்பு காட்டுது போல சார்" என்றார் மில்லி அக்கா.

மேனேஜர் டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் போய் வேலையைப் பார் என்றிருப்பார். மில்லி அக்காவே டேப்பைச் சந்தேகப்பட்டால் பிறகு எதுதான் நிஜம்? உடனே புது டேப் வாங்கினார். புது டேப்பும் 222 என்றது. புது டேப் எப்படிப் பழைய டேப்போடு சேர்ந்துகொண்டது என்று கவலைப்பட்டு இன்னொரு கடையில் மூன்றாவது டேப் வாங்கினார். பிறகு தரை மேல் சந்தேகம் வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடியது. அதற்காகத்தான் தரையை அப்படிக் கட்டியிருந்தார்கள், ஆனால் அது மேனேஜருக்கு அப்போது நினைவில்லை.

"தரை கோணலா இருக்கு! அதான் விஷயம்!"

"சார், நாம ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல அளக்கறோம். தரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று அக்கா கரடியாகக் கத்தினார். ஆள் கூட்டி வந்து தரையை உடைத்தார்கள். இரண்டு நாள் இருபத்தாறு வண்டிகளும் தெருவில் நின்றன. எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொன்னார் மேனேஜர். எல்லாம் சரியாக இருந்தது. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த இரண்டு நாளில் மில்லி அக்காவைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதவின் அகலத்தை அளந்தார், என் மேஜையை அளந்தார், ஸ்டீல் ஸ்கேலை டேப்பின் மேலும் டேப்பை ஸ்கேலின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா இந்த டேப்பை நம்பினேன் அண்ணே. சரி, இனிமே அவர் முதுகையாவது நம்பலாம்னு பாத்தா, அது வலதுன்னுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சக்கரப் பலகையை எடுத்துக்கொண்டு பதினேழாம் வண்டிக்கு அடியில் போய்விட்டார். இந்தத் தடவை நான்கு சுற்று. பத்து மில்லி இறக்கினார். இரண்டு சுற்று போதவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலும். வண்டி கேட்டைத் தாண்டும்போது பதினேழுக்காரர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ரகசியமாக நான்கு விரல் காட்டிவிட்டுப் போனார். நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் ஹெட் ஆபீசிலிருந்து ஓர் ஆபீசர் வந்து இறங்கினார். வலது என்றும் இடது என்றும் 222 என்றும் ஒரே கார்டில் எழுதிய டிப்போவை நேரில் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை. வந்ததும் முதல் கேள்வி, "அந்தச் சமையலறை எங்க இருக்கு?" என்பது. மேனேஜர் அவரை ஒருவழியாக உட்காரவைத்தார்.

தரை உடைந்து கிடந்ததால் வண்டியைக் கேன்டீன் முன்னால் நிறுத்தினார்கள். டிப்போ மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது. பதினேழுக்காரர் கேபினிலிருந்து இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு முன் சக்கரத்தருகில் நின்றார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள். ஆபீசர் சட்டத்தைப் படித்தார்: இது மூன்றாவது சோதனை, அளவு சரி என்றால் வண்டி நாளைக் காலையில் கிளம்பும். மில்லி அக்கா பலகையில் படுத்து உள்ளே உருண்டார்.

"வலது, இருநூத்தி இருபத்திரெண்டு!"

எழுதினேன்.

பிறகு இடது பக்கம் போனார். டேப் சுருளும் சத்தம் கேட்டது. மறுபடி இழுக்கும் சத்தம். மறுபடி சுருளும் சத்தம். அவர் அங்கே என்ன பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். பத்து மில்லி இறக்கிவிட்ட வண்டி பழையபடி நிமிர்ந்து நிற்கிறது. ஏன் என்று அவருக்குப் புரியாது, ஆனால் எண் கண்ணெதிரே இருக்கிறது. அதைச் சொன்னால் நாளைக் காலையில் வீட்டில் இருமல் சத்தமும் இருக்காது.

"இடது?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"இருநூத்தி... பன்னெண்டு."

டிப்போ முழுக்க மூச்சு விட்டது. பத்து மில்லி சாய்வு. மேனேஜர் கண் கலங்கிவிட்டார், தரையை உடைத்தது வீண் போகவில்லை என்று. ஆபீசர் மட்டும் மெதுவாக எழுந்து, வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, தன் டேப்போடு உள்ளே நகர்ந்தார். அந்த உடம்பு வண்டிக்கு அடியில் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. போனது.

"இருநூத்தி இருபத்திரெண்டு இருக்கேம்மா."

"பன்னெண்டு" என்றார் அக்கா.

"நான் இங்கதாம்மா படுத்திருக்கேன். கண்ணால பாக்கறேன். அளவெடுக்கிறவங்க பொய் சொன்னா இந்த வேலையில வெச்சுக்க முடியாது. தெரியுமில்ல? கடைசியா கேக்கறேன். எவ்வளவு?"

"பன்னெண்டு."

என் பேனா கையிலேயே நின்றது. ஒரு கடிகாரத்தின் பதினோரு மில்லியை நாத்தனார் முன்னால் விட்டுக்கொடுக்காத பெண்மணி, பத்து மில்லிக்கு ஹெட் ஆபீஸ் முன்னால் வேலையையே விடத் தயாராகிவிட்டார். நான் எழுதவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

அப்போது பதினேழுக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பின் சக்கரம் வரை நடந்து வந்தார். முழங்கால் போட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"இருநூத்தி இருபத்திரெண்டுன்னு சொல்லு."

ஏழு மாதத்தில் முதல் பேச்சு. அதுவும் ஒரு எண்.

உள்ளேயிருந்து அக்கா குரல் கேட்டது.

"நீங்க அளந்தீங்களா?"

"நான் எதுக்கு அளக்கணும்? உனக்குப் பொய் சொல்ல வரல. ஊரே கேக்குது. உண்மையச் சொல்லிட்டு வேலையக் காப்பாத்திக்கோ."

"சொன்னா நீங்க போயிடுவீங்க."

சொல்லிவிட்டார். டிப்போ மொத்தமும் கேட்டது. ஆபீசர் இருவருக்கும் நடுவில் மல்லாந்து படுத்தபடி, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சேசிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகக் கூடாதுன்னுதான் நட்டை நாலு சுத்து சுத்தி வெச்சேன்" என்றார் பதினேழுக்காரர்.

"நானும் நாலு சுத்து சுத்தினேன்."

"எந்த நட்டு?"

"இடது. நீங்க?"

"இடது. மேல."

"நான் கீழ."

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, சக்கரத்தருகில் ஒரு சிரிப்பு கேட்டது. இரண்டும் பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டன. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு வெளியே நகர்ந்து வந்து, சட்டையில் கிரீஸோடு எழுந்து நின்றார்.

"ரெண்டு பேரும் நட்டைத் தொட்டது தப்பு. ஆனா நட்டு இருந்த இடத்துலயேதான் இருக்கு. இருந்த இடத்துல இருக்கிற நட்டுக்கு நான் என்னன்னு தண்டனை எழுத? அளவு மட்டும் சரியா வரட்டும்."

வெளியே வந்து உட்கார்ந்திருந்த அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருநூத்தி இருபத்திரெண்டு அண்ணே" என்றார். எழுதினேன். அவசரத்தில் மூன்று இரண்டுகளும் வாத்து மாதிரி வந்துவிட்டன. ஆபீசர் கையெழுத்துப் போட்டார். மூன்று சோதனையும் முடிந்தது. வண்டி நிமிர்ந்து நிற்கிறது. நாளைக் காலை கிளம்ப வேண்டியதுதான். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே" என்றார் பதினேழுக்காரர். "அந்தப் படிவம் இன்னும் வெச்சிருக்கீங்களா?"

நான் தேடவில்லை. மூன்று வாரமாகச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். மடிப்பைப் பிரித்துக் கொடுத்தேன். லாரியின் பக்கப் பலகை மேல் வைத்து, காரணம் என்ற இடத்தில் அவர் எழுதினார். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. மேனேஜர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

"'வீட்டில் ஏழு மாதப் பேச்சு பாக்கி இருக்கிறது.' இது ஒரு காரணமாய்யா? நோய், மரணம், பிரசவம், இந்த மூணுதான் செல்லும். இதை எதுல சேக்கறது?"

ஆபீசர் தன் சட்டைக் கறையைச் சுரண்டியபடி, "சேக்க வேணாம். தனியாவே இருக்கட்டும்" என்றார்.

நான் சீலை எடுத்து மையில் ஒற்றினேன். குத்தப் போகும் நேரத்தில், தரையில் உட்கார்ந்திருந்த மில்லி அக்கா கழுத்தை நீட்டிப் படிவத்தைப் பார்த்தார்.

"ஏழு மாசம் இல்ல" என்றார். "ஏழு மாசம் நாலு நாள்."

எல்லோரும் பதினேழுக்காரரைப் பார்த்தோம். முடிந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். என் கையிலிருந்து பேனாவை மறுபடி வாங்கினார். எழுதியதை அடித்துவிட்டு, ஏழு மாதம் நான்கு நாள் என்று திருத்தி எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"இப்ப சரியா?" என்று அவரிடம் கேட்டார்.

"சரி" என்றார் அக்கா.

நான் சீல் குத்தினேன்.